லொறி ஜெனரேற்றருக்கு நம்பிப் போகக்கூடிய கராஜ், ஆனால் அவசரமென்றால் போகாதீர்கள்

கோயில் திருவிழா, கலியாணம், பொதுக்கூட்டம் என்று லொறியில் ஏற்றிய ஜெனரேற்றரை வாடகைக்கு விடுகிற ஆக்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வீட்டுக்குச் சின்னப் பெற்றோல் ஜெனரேற்றர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கராஜ் தேவையில்லை, கராஜ்காரரும் அதை வேலைக்கு எடுக்கமாட்டார்கள். இடம் யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம், பலாலி வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கை. பெயர்ப்பலகை இல்லை. வாசலில் பழைய லிஸ்ரர் எஞ்சின் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கும், அதுதான் அடையாளம். நீளமான லொறி என்றால் உள்ளே திருப்ப இடமில்லை, ரிவேர்ஸில்தான் விடவேண்டும்.

எங்களுடையது 30 கேவிஏ, மூன்று பேஸ், டீசல். முழு லோடில் ஒரு பேஸுக்கு 43 அம்பியர் அளவில் வரும். எங்களுக்கு இருந்த கரைச்சல் இதுதான்: லைற் எல்லாம் போட்டு சவுண்ட்ஸும் ஏறியவுடன் வோல்ற்றேஜ் விழும், லைற் மங்கும், கொஞ்ச நேரத்தில் தானாக எழும்பும், பிறகு திரும்ப விழும். முதலில் காட்டிய இடத்தில் மூடியைக்கூட வடிவாகத் திறக்காமல் ஏவிஆர் (வோல்ற்றேஜை ஒரே அளவில் வைத்திருக்கிற கருவி) போய்விட்டது என்றார்கள், புதிதாக ஒன்று போட்டார்கள், காசும் வாங்கினார்கள். அடுத்த கோயிலில் அதே கதை. சுவாமி வெளிவீதி வருகிற நேரம் லைற் மங்கினால் தர்மகர்த்தா சபை எங்களை என்ன கேட்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இங்கே கராஜ்கார அண்ணை முதலில் மீற்றரில் பார்த்தது வோல்ற்றேஜை இல்லை, ஹேர்ட்ஸை, அதாவது கரண்ட் ஒரு செக்கனுக்கு எத்தனை தரம் மாறி மாறி வருகிறது என்கிற கணக்கை. எஞ்சின் சுற்ற கரண்ட் எடுக்கிற பகுதிதான் ஒல்ரனேற்றர், அது நாலு போல் (காந்த முனை) உள்ளதென்றால் நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுற்றினால்தான் 50 ஹேர்ட்ஸ் வரும். எங்களுடையது லோட் கொடுத்தவுடன் 46க்கு இறங்கியது. "ஏவிஆர் பாவம் தம்பி, அது தன்ர வேலையைச் சரியாத்தான் செய்யுது" என்றார். எஞ்சின் வேகம் ஓர் அளவுக்குக் கீழே விழுந்தால், சுமையைக் குறைத்து எஞ்சினை எழும்ப விடுவதற்காக ஏவிஆர் தானே வோல்ற்றேஜைக் குறைத்துவிடும். ஆக, குறை கரண்ட் பக்கத்தில் இல்லை, டீசல் பக்கத்தில். தேடிப் பார்த்தால், லொறியின் சேசிஸில் இருக்கிற டாங்கியிலிருந்து எஞ்சினுக்கு வருகிற ரப்பர் ஹோஸ் காய்ந்து, கிளிப் போட்ட இடத்தில் வெடித்திருந்தது. டீசல் ஒரு துளிகூட வெளியே ஒழுகவில்லை. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை. உறிஞ்சுகிற பக்கம் வெடித்தால் டீசல் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும், வெடித்த ஸ்ரோ போட்டு இளநீர் உறிஞ்சுவது மாதிரி. ஹோஸ், கிளிப், டீசல் பில்ற்றர் எல்லாம் மாற்றி, கைப் பம்பை அடித்துக் காற்றை எடுத்துவிட்ட பிறகு ஹேர்ட்ஸ் அசையவில்லை.

நோய் கண்டுபிடித்ததற்காக மட்டும் நான் இவ்வளவு எழுதவில்லை. வேலை தொடங்குவதற்கு முதல் இவர்கள் செய்கிறதைப் பார்த்துத்தான் எழுதவேண்டும் என்று தோன்றியது. லொறியை விட்டவுடன் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்தார்கள். கண்ட்ரோல் பனலில் ஓட்டோ ஸ்ரார்ட் இருந்ததால் அதை ஓஃப் பண்ணி, சாவியைக் கழற்றி, வேலை செய்கிற பெடியன் தன் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டான். பிறகு பற்றரி வயர். கழற்றும்போது நெகற்றிவ் முதலில், பூட்டும்போது நெகற்றிவ் கடைசியில். ஏனென்று கேட்டேன். பொசிற்றிவ்வைக் கழற்றும்போது ஸ்பானர் கொஞ்சம் சறுக்கி இரும்பில் பட்டாலும், நெகற்றிவ் ஏற்கெனவே கழன்றிருந்தால் ஒன்றும் நடக்காது. இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே பொறி பறக்கும், சார்ஜ் ஆகிற பற்றரிக்கு மேலே ஹைட்ரஜன் வாயு நிற்கும், மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை.

றேடியேற்றர் மூடியை ஒருவரும் தொடவில்லை. எஞ்சின் ஆறும்வரை தேத்தண்ணி குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவசரப்பட்ட எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் சூடான றேடியேற்றருக்குள் அழுத்தத்தோடு நிற்கிற தண்ணீர் மூடி திறந்தவுடன் கொதித்துச் சீறும், அப்படி முகம் வெந்த மெக்கானிக்மார் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். என்னையும் வாசலுக்கு அனுப்பிவிட்டார்கள், காரணம் நான் சாரத்தோடு போயிருந்தேன். பான் பெல்ற் சுழல்கிற இடத்தில் சாரம், சால்வை, கழுத்துச் சங்கிலி ஒன்றும் கூடாதாம். இஞ்செக்டர் பக்கம் ஒழுக்குப் பார்க்கும்போது கையை வைக்கவில்லை, ஒரு மட்டையைப் பிடித்துப் பார்த்தார்கள். அங்கே கடும் அழுத்தத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே ஒரு ஊசிக் குத்து மாதிரித் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே எடுக்கவேண்டி வரலாம். இது தெரியாமல் கையால் தடவிப் பார்க்கிற எத்தனை பேரை நாங்கள் பார்த்திருக்கிறோம்!

ஓடவிட்டுப் பார்க்கிற வேலை முழுவதும் வெளியில். மழை தூறினாலும் கொட்டிலுக்குள் எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணமாட்டார்கள். புகையில் இருக்கிற காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கலியாண மண்டபத்துச் சுவரோடு ஒட்டி லொறியை விட்டு, புகைக்குழாயை ஜன்னல் பக்கம் திருப்பி வைக்கிற ஆக்கள் இதை இரண்டு தரம் வாசியுங்கள்.

இனி எனக்கு நெஞ்சு திடுக்கிட்ட விசயம். கேட்காமலே மெகர் (வயர்த் தோலில் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கிற மீற்றர்) வைத்துப் பார்த்தார்கள். ஏவிஆர் வயர்களைக் கழற்றி ஒதுக்கிவிட்டுத்தான் மெகர் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த 500 வோல்ற்றில் ஏவிஆர் செத்துவிடும். ஒல்ரனேற்றர் வயிண்டிங் நல்லாயிருந்தது. ஆனால் பிரேக்கரிலிருந்து வெளியே வருகிற கேபிள், லொறிப் பொடியின், அதாவது அதன் இரும்பு உடம்பின், தகட்டு ஓட்டைக்குள்ளால் வருகிற இடத்தில், ஓடி ஓடி அராவி, ஒரு பேஸின் தோல் உரிந்து செம்பு தெரிகிற அளவுக்கு வந்திருந்தது. நிலத்தில் பூட்டிய ஜெனரேற்றருக்கு இந்தக் கேடு குறைவு. லொறியில் ஏறினது எங்கள் வீதிகளில் நாள் முழுக்கக் குலுங்குகிறது: பொல்ட் தளரும், அடியில் இருக்கிற ரப்பர் மவுண்டிங் நசியும், கேபிள் தகட்டில் தேயும். லொறி நிற்பது ரப்பர் டயரில், அதனால் பொடியில் கசிகிற கரண்ட் தானாக நிலத்துக்குப் போகாது. கோயில் வீதியில், ஈர மணலில், வெறுங்காலோடு வந்து யாராவது லொறியில் கை வைக்கும்போதுதான் அது வழி தேடும். எங்கள் கோயில்களில் செருப்போடு யார் நிற்கிறார்கள்?

கேபிளை மாற்றி, ஓட்டைக்கு ரப்பர் வளையம் போட்டார்கள். நியூட்ரலை ஒரே ஓர் இடத்தில் பொடியோடும் ஏர்த்தோடும் இணைத்து, அதற்குப் பிறகு, கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வருகிற மாதிரி ஒழுங்குபடுத்தினார்கள். அந்த இணைப்பு இல்லாவிட்டால் ட்ரிப் சுவிட்ச் சும்மா அழகுக்குத்தான் இருக்கும், நேரத்துக்கு விழாது. ஏர்த் கம்பி இறக்குகிறதுதான் எங்களுக்குப் பெரிய தலையிடி. குடாநாட்டில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல், ஆவணி வெயிலில் மேல்மண்ணும் காய்ந்து கிடக்கும். ஒரு கம்பி போதாவிட்டால் இரண்டைத் தள்ளித் தள்ளி அடித்து இணை, அந்த இடத்தில் தண்ணீரும் ஊற்று, பிறகு மீற்றர் வைத்துப் பார் என்று எங்கள் பெடியளுக்கு அங்கேயே காட்டிக் கொடுத்தார்கள். இதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

லோட் கொடுத்துப் பார்த்ததும் நல்ல முறை. சில இடங்களில் பீப்பாவுக்குள் உப்புத்தண்ணீர் விட்டுத் தகடு இறக்கி லோட் கொடுப்பார்கள், பக்கத்தில் நிற்கவே பயமாக இருக்கும். இங்கே ஹீற்றர்களும் பழைய ஹலோஜன் லைற்றுகளும் பூட்டிய இரும்புச் சட்டம் ஒன்று வைத்திருக்கிறார்கள். மூன்று பேஸிலும் சமமாக ஏற்றி, வோல்ற்றேஜ், ஹேர்ட்ஸ், ஒயில் அழுத்தம், சூடு எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி, அந்தப் பக்கத்தைக் கிழித்து என் கையில் தந்தார்கள்.

அப்போதுதான் இன்னொரு விசயமும் சொன்னார். இப்போது எல்லாம் எல்ஈடி லைற். முந்தி ஹலோஜனும் ரியூப் லைற்றும் எரித்த கோயிலில் அதே வெளிச்சத்துக்கு இப்போது கரண்ட் கொஞ்சமாகத்தான் போகிறது. ஆனால் நாங்கள் அதே 30 கேவிஏயைத்தான் கொண்டுபோகிறோம். டீசல் எஞ்சின் நெடுநேரம் முப்பது வீதத்துக்குக் குறைந்த லோடில் ஓடினால் டீசல் முழுதாக எரியாது, சைலன்சரில் கறுப்பு எண்ணெய் வடியும், இஞ்செக்டரும் கரிபிடிக்கும். எங்களுடைய சைலன்சரில் வடிந்ததை எஞ்சின் ஒயில் தின்கிறது என்று நினைத்து பிஸ்ரன் றிங் மாற்றச் சொன்ன ஆக்களும் உண்டு. சின்ன விழாக்களுக்கு 10 கேவிஏ ஒன்று எடுத்து வைத்துக்கொள் என்றார். விற்கிற ஆள் இல்லை அவர், அதனால் நம்புகிறேன்.

ஒயில் மாற்றும் கணக்கு 250 மணித்தியாலம், அதையும் மீற்றரைப் பார்த்து எழுதி ஒட்டிவிட்டார்கள். நல்லூர் மாதிரி 25 நாள் திருவிழாவில் ஒரு நாளைக்கு 6 மணித்தியாலம் ஓடினாலே 150 வந்துவிடும், ஆக வருசத்துக்கு ஒருக்கா என்று ஒயில் மாற்றுகிற பழக்கம் எங்கள் தொழிலுக்குச் சரிவராது. கழிவு ஒயிலை மூடி போட்ட பீப்பாவில் சேர்த்து வைக்கிறார்கள், வேலிக்கரையில் ஊற்றுவதில்லை. சுன்னாகம் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்து ஊரே பட்ட பாட்டுக்குப் பிறகும் பல கராஜ்களில் இன்னும் மண்ணில்தான் ஊற்றுகிறார்கள். எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, இருக்கிறது கிணறு மட்டும்.

அண்ணை போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் தொழில் பழகியவர். பெற்றோல் இல்லாமல் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய நாட்களில் எஞ்சினைக் கழற்றிப் பூட்டியவர். கரண்ட் பக்கம் பார்க்கிறது தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த ஒரு தம்பி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டு வேலை செய்கிறார்கள், அது எனக்குப் பிடித்தது.

குறைகளும் உண்டு. வேலை மெதுவோ மெது, சொன்ன நாளில் முடியாது. போனும் இலேசில் எடுக்கமாட்டார்கள். சாமான் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரவேண்டும், வரும்வரை லொறி அங்கேயே கிடக்கும், மேலே கூரையும் இல்லை, தறப்பாள் நீங்கள்தான் கொண்டுபோகவேண்டும். கூலி மற்ற இடங்களைவிடக் கூட, ஆனால் சாமான் பில்லை அப்படியே காட்டுகிறார்கள், கழற்றிய பழைய சாமானையும் கையில் தருகிறார்கள். கார்ட் எடுக்கமாட்டார்கள், காசுதான். அண்ணைக்கு வாயும் கொஞ்சம் காரம், பெடியளுக்கு முன்னால் முதலாளியையும் பேசிவிடுவார். இரவில் விழா நடக்கும்போது நின்றுபோனால் கூப்பிட்டால் வருவார், ஆனால் இருட்டில், சனத்துக்கு நடுவில் திறந்து வேலை செய்யமாட்டார். நிற்பாட்டி, வேறு ஜெனரேற்றர் எடு என்றுதான் சொல்லுவார். எங்களுக்கு அப்படி ஒரு தரம் நடந்தது, அன்றைய வாடகை போனது, எனக்குக் கோபமும் வந்தது. இப்போதும் அந்த விசயத்தில் அவர் கொஞ்சம் கூடத்தான் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன்.

ஆடி, ஆவணியில் அங்கே இடமே கிடைக்காது. மழைக்குப் பிறகு, தைப்பொங்கல் முடிந்த கையோடு கொண்டுபோய் விட்டால் ஆறுதலாகப் பார்ப்பார்கள். ஞாயிறு பூட்டு. போகும்போது போன முறை ஒயில் மாற்றிய மணித்தியாலக் கணக்கையும், ஏவிஆரின் மொடல் நம்பரையும் எழுதிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அதற்கும் பேச்சு வாங்கவேண்டி வரும்.