பொலேரோ பிக்கப்பில் ஏர் ஹார்ன்: எட்டு மாதம் ஓட்டினேன், கழற்றிவிட்டேன்

நெடுகுளாவிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட், பீட்ரூட், முட்டைகோஸ் ஏற்றுகிறேன். வண்டி மஹிந்திரா பொலேரோ பிக்கப், சொந்த வண்டி. கோத்தகிரி தாண்டி இறங்கினால் 33 கிலோமீட்டர். விடிவதற்குள் மண்டியில் நிற்க வேண்டும் என்பதால் பாதி நாள் இருட்டிலும் மூடுபனியிலும்தான் இறக்கம். இந்த ரோட்டில் பிரேக்குக்கு அடுத்தபடி நான் நம்புவது ஹார்னைத்தான். மலையில் ஏறி வருகிறவனுக்குத்தான் முதல் வழி. லோடோடு இறங்குகிற நான் வளைவுக்கு முன்பே ஹார்ன் அடித்து, பதில் ஹார்ன் வருகிறதா என்று காது கொடுத்து, வந்தால் ஓரம் கட்டி நிற்க வேண்டும்.

பழைய ஹார்ன் மழைத்தண்ணீர் பட்டுப் பட்டுத் தொண்டை கட்டிப்போனது. அப்போது மண்டியில் இரண்டு மூன்று பிக்கப்காரர்கள் ஏர் ஹார்ன் போட்டிருந்தார்கள். நானும் ஆன்லைனில் ஒரு செட் வாங்கினேன். 1,450 ரூபாய். சிவப்புப் பிளாஸ்டிக் குழல் இரண்டு, கைக்கு அடக்கமான ஒரு கம்ப்ரஸர், ஒரு முழம் ரப்பர் குழாய், ஒரு ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடுகிற சுவிட்ச்), நான்கு ஸ்க்ரூ. பெட்டியில் 150 டெசிபல் என்று பெரிதாக அச்சடித்திருந்தது. எத்தனை அடி தூரத்தில் வைத்து அளந்தது என்று எங்கும் இல்லை. தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும், பத்து மடங்கானால் 20 குறையும். தூரம் சொல்லாத டெசிபல், எடை சொல்லாத மூட்டையின் விலை மாதிரிதான்.

லாரியிலும் பஸ்ஸிலும் ஏர் ஹார்ன் சுலபம். அவற்றுக்கு பிரேக்கே காற்றில்தான் ஓடுகிறது, டேங்கில் எப்போதும் அழுத்தம் இருக்கும், அதிலிருந்து ஒரு குழாய் இழுத்தால் முடிந்தது. பிக்கப்பில் ஆயில் பிரேக். காற்று டேங்க் கிடையாது. அதனால்தான் தனியாக ஒரு கம்ப்ரஸர் தருகிறார்கள். அந்தச் சின்ன மோட்டார் பதினைந்து, இருபது ஆம்பியர் இழுக்கும். இதைப் புரிந்துகொள்ளாத ஆளிடம்தான் நான் முதலில் போனேன்.

அந்தக் கடை பெயர் வேண்டாம். ரிலே எதற்கு, நேராகவே கொடுத்துவிடலாம் என்று பழைய ஹார்ன் வயரிலேயே கம்ப்ரஸரை முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்தார்கள். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது, 150 ரூபாய். நான்காம் நாள் ஃபியூஸ் போனது. மறுபடி போனேன். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியை வளைத்துச் செருகிவிட்டு, இனிமேல் போகாது என்றார்கள். ஃபியூஸ் போகவில்லைதான். இரண்டு வாரம் கழித்து அரவேனு பக்கம் இறங்கும்போது ஸ்டீயரிங்கில் ரப்பர் கருகுகிற வாசனை. பொத்தானைத் தொட்டுப் பார்த்தால் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. வண்டியை ஓரம் கட்டி பேட்டரி முனையைக் கழற்றிவிட்டேன். ஒன்றரை டன் கேரட் பின்னால், டீசல் டேங்க் கீழே. அந்தக் கம்பி இன்னும் ஒரு நாள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அப்புறம் காரமடை ரோட்டில் ஒரு வயதான எலக்ட்ரீஷியனிடம் போனேன். மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார், 600 ரூபாய் வாங்கினார், ஒவ்வொரு ரூபாய்க்கும் வேலை செய்தார். பேட்டரியிலிருந்து தடித்த வயர் ஒன்று, அதில் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்திலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30ஆம் நம்பர் முனைக்கு. 87இலிருந்து கம்ப்ரஸருக்கு. பழைய ஹார்ன் வயர் 85, 86க்கு மட்டும். "சுவிட்ச் சொல்லணும், ரிலே செய்யணும். சுவிட்சே சுமக்கக் கூடாது தம்பி" என்றார். கம்ப்ரஸர் படுத்துக் கிடந்ததை நிமிர்த்தி வைத்தார். குழல்களின் வாயை முன்பக்கம் கொஞ்சம் தாழ்த்தினார், மழைத்தண்ணீர் தேங்காமல் வடிவதற்கு. ரப்பர் குழாயைப் பாதியாக வெட்டினார். வயர் உரசுகிற இடங்களில் எல்லாம் சுருள் பைப் போட்டார். எர்த் பிடிக்கிற இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் பிடித்தார். யாராவது கூடுதல் ஹார்ன், கூடுதல் லைட் எது போடுவதாக இருந்தாலும் இப்படி வேலை செய்கிற ஆளைத் தேடிப் போங்கள். தீப்பிடிக்கிற வண்டிகளில் பல இந்த மாதிரி முறுக்கிக் கட்டின வயரால்தான் பிடிக்கின்றன.

சரி, ஹார்ன் எப்படி? சத்தம் உண்டு. நேர் ரோட்டில், காரமடை தாண்டினால், முன்னால் போகிற லாரிக்காரர் பாட்டு வைத்திருந்தாலும் கேட்கும். ஆனால் மலையில் இரண்டு குறை தெரிந்தது. ஒன்று, தட்டினவுடன் கத்தாது. மோட்டார் சுழன்று காற்று குழலுக்கு ஏறிய பிறகுதான் குரல் வரும். அரை நொடிகூட ஆகாது. ஆனால் கொண்டை ஊசி வளைவில் நாம் அடிப்பது குட்டிக் குட்டித் தட்டல். அதற்கு இது ‘புஸ்’ என்று மூச்சு விட்டு நின்றுவிடும். அழுத்திப் பிடித்தால்தான் அலறும்.

இரண்டாவது, குழல் சின்னது என்பதால் குரல் கீச்சென்று இருக்கிறது. கீச்சுக் குரல் மண் திட்டில் அடித்துத் திரும்பிவிடும். தாழ்ந்த குரல்தான் வளைவைச் சுற்றி அந்தப் பக்கம் நன்றாகப் போகும். மச்சானை வளைவுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவைத்து அடித்துப் பார்த்தேன். "கேக்குது மாமா, ஆனா எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு தெரியல" என்றான். வளைவில் வண்டி எந்தப் பக்கம் என்று தெரிவதற்காகத்தானே ஹார்ன்?

குஞ்சப்பனை பகுதியில் பலாப்பழ சீசனில் யானை ரோட்டுக்கு வரும். அங்கே எந்த ஹார்னையும் அடிக்கக் கூடாது, இன்ஜினை அணைக்காமல் தூரத்திலேயே நிற்க வேண்டும். ஸ்டீயரிங்கில் அப்படி ஒரு பொத்தானை வைத்துக்கொண்டு கை பட்டுவிடுமோ என்று பயந்தபடி இரண்டு முறை நின்றிருக்கிறேன்.

ஆனால் கழற்ற வைத்தது யானை இல்லை. ஒரு சாயங்காலம் காலி வண்டியோடு ஏறிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு ஜீப் வழி விடவில்லை, அழுத்திப் பிடித்தேன். ரோட்டோரம் இலை மூட்டையைத் தலையில் வைத்து நடந்து வந்த ஒரு பாட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூட்டை சரிந்து, தேயிலை பாதி ரோட்டில். ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டிருந்தார், இன்னொரு கை தரையில் ஊன்றி நடுங்கிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தி ஓடினேன். தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "ஆனையையா தம்பி வெரட்டுற?" இலையை வாரி மூட்டை கட்டி, எடை போடுகிற இடம் வரைக்கும் ஏற்றிக்கொண்டு போய் விட்டேன். வழியெல்லாம் அவர் அந்தக் காதைத் தேய்த்துக்கொண்டே வந்தார். மறுநாள் காலை அதே இடத்தில் அந்தப் பொத்தானைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

சட்டமும் இதற்கு எதிர்தான். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 119ஆம் விதி, காதைக் கிழிக்கிற, கீச்சிடுகிற, மிரட்டுகிற ஒலிக்கருவி எதுவும் வண்டியில் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 190(2) பிரிவில் இதற்கு 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதம் போகும். விற்கிறவன் பெட்டியில் இதில் ஒரு வரிகூட இல்லை.

பதிலுக்கு ரூட்ஸ் விண்ட்டோன் ஹார்ன் ஒரு ஜோடி போட்டேன். கோயம்புத்தூர்க் கம்பெனி, நத்தைக் கூடு மாதிரி சுருண்டிருக்கும். ஒன்று தாழ்ந்த சுருதி, ஒன்று உயர்ந்த சுருதி, இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். ஆயிரத்துச் சொச்சம் ஆனது. அதே எலக்ட்ரீஷியன் அதே ரிலேயில் மாட்டிக் கொடுத்தார். ஏர் ஹார்ன் இழுத்ததில் பாதிதான் மின்சாரம் என்று சொல்லி ஃபியூஸை மட்டும் 15க்கு இறக்கினார். தட்டினால் தட்டின கணமே குரல். மச்சானை அதே வளைவில் நிறுத்தினேன். இந்த முறை அவன் ஹார்ன் கேட்டவுடன் கையை என் பக்கம் காட்டினானாம். இப்போது ஐந்து மாதம் ஆகிறது, ஒரு மழைக்காலம் தாண்டிவிட்டது. குரலில் மாற்றம் இல்லை. மூடுபனியில் எதிரே ஏறி வருகிற பஸ் எனக்குப் பதில் ஹார்ன் கொடுத்துவிடுகிறது.

எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வண்டியைக் காட்டியபோது பிரேக் இன்ஸ்பெக்டர் ஹார்னை ஒருமுறை அழுத்திக் கேட்டார், அடுத்ததாக இண்டிகேட்டரைப் போடச் சொன்னார்.