பேனல் போச்சு என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

லேப்டாப்பில் லினக்ஸ் போட்ட அன்றே வெளிச்சத்தைக் குறைக்கும் விசை சொதப்பியது. அழுத்தினால் திரையில் அந்தச் சின்னப் பட்டை மட்டும் அழகாக ஏறி இறங்கும், வெளிச்சம் உச்சத்திலேயே நிற்கும். வேலை அவசரத்தில் நானே நோண்டிப் பார்க்காமல் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை, "பேனல் போச்சு சார், மாத்தணும்" என்றார்கள். முந்தின நாள்வரை விண்டோஸில் ஒழுங்காக இருந்த பேனல், அதாவது திரைப் பலகை, லினக்ஸ் போட்டதும் எப்படிப் போகும் என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை.

நாலு நாள் கழித்து லேப்டாப்பைத் திரும்ப வாங்கினேன். விசை வேலை செய்தது. பழைய பேனலைக் கேட்டால் தூக்கிப் போட்டாச்சாம்.

அன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கினேன். எழுத்தெல்லாம் மங்கிவிட்டது, ஆனால் டெர்மினலின் (கட்டளை தட்டும் ஜன்னலின்) கறுப்புப் பின்னணி சாம்பலாக, ஓரங்களில் பளபளவென்று கசிந்துகொண்டிருந்தது. பேட்டரியும் முன்னைப் போலவே வேகமாக இறங்கியது. நோண்டினால், வெளிச்ச விசைகளை எக்ஸ்ரேண்டர் என்ற திரை அமைப்புக் கருவியின் பிரைட்னஸ் கட்டளையோடு கட்டி ஒரு குட்டி ஸ்கிரிப்ட் போட்டு வைத்திருக்கிறார்கள்! அது நிறங்களை மட்டும்தான் மங்கவைக்கும், திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கான பேக்லைட் முழுசாக எரிந்துகொண்டேதான் இருக்கும்.

அப்புறம்தான் சிஸ், கிளாஸ், பேக்லைட் என்று போகும் கோப்புறையைத் திறந்தேன், பேக்லைட்டைக் கட்டுப்படுத்தும் வழிகளை லினக்ஸ் அங்கேதான் காட்டும். உள்ளே இரண்டு பெயர்கள்: ஏசிபிஐ வீடியோ (லேப்டாப்பின் ஃபர்ம்வேர் வழி), இன்டெல் பேக்லைட் (கிராபிக்ஸ் டிரைவர் வழி). டெஸ்க்டாப் முதலாவதிடம் சொல்லிக்கொண்டிருந்தது, அது சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவதில் இருக்கும் பிரைட்னஸ் கோப்பில் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஒரு எண்ணை எழுதினேன், திரை உடனே இறங்கியது. லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப்பின் அமைப்பில் ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ் என்று சேர்த்து, கிரப்பை அப்டேட் செய்து, ரீஸ்டார்ட் செய்தேன், அவ்வளவுதான். (என் லினக்ஸின் மையமான கெர்னல் பழசு. கெர்னல் 6.1-இலிருந்து ஒரு பேனலுக்கு இப்படி ஒரு பெயரை மட்டும் காட்டும்படி மாற்றிவிட்டார்கள்.)

பேனலுக்குக் காசு கொடுக்கும் முன் இந்தச் சோதனையை நீங்களே செய்துவிடுங்கள். மேக்ஸ் பிரைட்னஸ் கோப்பில் உச்ச எண் இருக்கும், அந்த எண்ணில் பாதியை பிரைட்னஸ் கோப்பில் எழுதிப் பாருங்கள். பூஜ்யம் மட்டும் வேண்டாம், சில லேப்டாப்களில் திரை மொத்தமாக இருண்டுவிடும். திரை மங்கினால் பேனலில் கோளாறு இல்லை. கோப்புறையே காலியாக இருந்தால், நோமோட்செட் என்ற தொடக்க அமைப்பைப் போட்டு பூட் செய்கிறீர்களா என்று பாருங்கள், அது இருந்தால் கிராபிக்ஸ் டிரைவரே சரியாக ஏறாது.

கடைக்குப் போன் செய்தேன். "அது சாஃப்ட்வேர் பிரச்சினை சார், எங்க பொறுப்பு இல்ல" என்றார்கள். பில்லை எடுத்துப் பார்த்தால் டிஸ்ப்ளே சர்வீஸ் என்றுதான் இருக்கிறது, பேனல் மாற்றியதாக ஒரு வார்த்தை இல்லை.