‘ஸ்பைன் சரி’ ஸ்டிக்கரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

கோல்ஃப் மட்டையின் கிராஃபைட் ஷாஃப்டில் (தண்டில்) ஸ்பைனை, அதாவது விறைப்பு அதிகமான திசையை, பார்த்துப் பொருத்தித் தருவதாகச் சொல்லும் ஒரு கடையிலிருந்து வந்த டிரைவரும் 3-வுட்டும் (தொலைதூர அடிக்கான இரண்டு மட்டைகள்) இவை. இரண்டிலும் சிவப்பு ஸ்டிக்கர், இரண்டுக்கும் தனித்தனிக் கூலி. தலையைக் கழற்றிச் சோதித்தால் டிரைவரில் ஸ்டிக்கர் ஒட்டிய திசையே தவறு. 3-வுட்டுக்கு அந்த வேலையே தேவையில்லை.

கடையில் இருந்தது பேரிங் குழாய் மட்டும்தான். ஷாஃப்டை அதில் செருகி நுனியை அழுத்தினால் தானே சுழன்று ஓரிடத்தில் நிற்கும்; அங்கே பென்சில் கோடு. ஆனால் ஷாஃப்டில் இம்மியளவு கோணல் இருந்தாலும் நிற்கும் இடத்தைக் கோணலே முடிவு செய்துவிடும், விறைப்பு அல்ல. “ஒரு பக்கம் விறைப்பு, நேரெதிரே மென்மை” என்று கடைக்காரர் சொன்னாலே உஷாராகுங்கள். ஷாஃப்ட் செய்யக் கார்பன் நார்த் தாளைச் சுற்றும்போது விளிம்புகள் ஏறும் இடத்தில் விறைப்பு கூடுவது உண்மைதான். ஆனால் நேரான ஷாஃப்டை அந்தத் திசையில் வளைத்தாலும் அதற்கு எதிர்த்திசையில் வளைத்தாலும் விறைப்பு ஒன்றே. மென்மையான தளம் 90 பாகை தள்ளியிருக்கும்.

சரியான சோதனை: கிரிப்பை (பிடி உறையை) எடுத்து, பட் முனையை (கை பிடிக்கும் முனையை) 5 அங்குலம் வைஸில் (இறுக்குப்பிடியில்) அசையாமல் இறுக்குங்கள். நுனியில் சுமார் 200 கிராம் எடையும் லேசரும். எடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் முடிவு குப்பை. சுண்டிவிட்டால் சுவரில் புள்ளி நீள்வட்டம் போடும். ஷாஃப்டைத் திருப்பித் திருப்பி, நேர்கோட்டில் ஆடும் இடத்தைப் பிடிக்க வேண்டும். 90 பாகை இடைவெளியில் அப்படி இரண்டு தளங்கள் கிடைக்கும். நிமிடத்துக்கு அதிர்வு எதில் அதிகமோ அது விறைப்பான தளம். அந்த டிரைவரில் வித்தியாசம் 7. 3-வுட்டில் 1, அதாவது அளவுப் பிழைக்குள்.

விறைப்பான தளம் இலக்கை நோக்க வேண்டுமா, அதற்குச் செங்குத்தாகவா என்பதில் கிளப் கட்டுபவர்களே இரண்டு கட்சி. செட் முழுக்க ஒரே மாதிரி வைத்தால் போதும். “ஸ்லைஸ் (பந்து பக்கவாட்டில் வளைந்து போவது) நிற்கும்” என்று விற்றால் வாங்காதீர்கள்: ஷாஃப்ட் எல்லாத் திசையிலும் சமமாக நடந்துகொள்ளும்படி பொருத்தலாம், அடியின் தவறைத் திருத்தத் திருப்பிப் பொருத்துவது விதிக்குப் புறம்பு.

இன்னொரு சேதம், டிரைவரின் நுனியில் நார் கீறல். சூடாக்கிவிட்டுத் தலையை முறுக்கிக் கழற்றியதன் அடையாளம் அது. கிராஃபைட்டை முறுக்கவே கூடாது. தலையை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரில் வைத்து நேராக இழுக்க வேண்டும்.

திருப்பி மாட்டும் ஸ்லீவ் (ஷாஃப்டைத் தலையோடு இணைக்கும் உறை) உள்ள டிரைவர் என்றால், எந்த அமைப்பில் வைத்து விளையாடுவீர்கள் என்று கடை முதலில் கேட்டிருக்க வேண்டும். ஸ்லீவோடு ஷாஃப்டும் திரும்பும் வகையில், 90 பாகை திருப்பினால் விறைப்பும் மென்மையும் இடம் மாறிவிடும். இந்தக் கடை கேட்கவில்லை.