பெயர் சொன்ன படமும் சொல்லாத படமும்

இரண்டாம் உலகப்போர் தொடங்கும் முன்பே நாஜிகளை எதிர்த்த படங்களில் இரண்டை அடுத்தடுத்துப் பார்த்தேன்.

1937-ல் ழான் ரெனுவார் பிரான்சில் எடுத்த 'லா கிராந்த் இல்யூசியோன்' ஹிட்லரைப் பற்றிப் பேசுவதே இல்லை. கதை நடப்பது முதல் உலகப்போர்க் காலத்தில். ஜெர்மானியரிடம் சிக்கிய பிரெஞ்சுப் போர்க்கைதிகளில் ஒருவனான யூதன் ரோசந்தால், தன் வீட்டிலிருந்து வரும் சாப்பாட்டுப் பொட்டலங்களை முகாமில் எல்லோருக்கும் பங்கு வைக்கிறான். அப்புறம் ஒரு ஜெர்மானிய விதவை. கணவனும் சகோதரர்களும் போரில் மாண்ட பிறகு, சாப்பாட்டு மேசை இப்போது ரொம்பப் பெரிதாகிவிட்டது என்கிறாள். அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஜெர்மனியில் இந்தப் படத்துக்குத் தடை விதித்தார்கள்.

1939-ல் வார்னர் பிரதர்ஸ் எடுத்த 'கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ நாஜி ஸ்பை' தலைப்பிலேயே பெயரைச் சொல்லிவிடுகிறது. அமெரிக்காவில் 1938-ல் விசாரணைக்கு வந்த நிஜமான உளவு வழக்குதான் கதை. சொல்லும் விதம் செய்திப்படம் மாதிரி. ஹாலிவுட்டின் பெரிய நிறுவனங்கள் நாஜி என்று சொல்லவே தயங்கிய நேரத்தில், இந்தத் துணிச்சல் பெரிது.

கலையாக ரெனுவாரின் படம்தான் எனக்கு உயர்ந்தது. ஆனால் 1939-ல் ஒரு அமெரிக்கத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவருக்கு, இரண்டாவது படம்தான் ஆபத்தை நேராகக் காட்டியிருக்கும்.