டிஜிடெக் டிரொப் பெடல்: பாடகி அரைக் கட்டை இறக்கச் சொன்னால்

திருகோணமலையில் மேடையில் கிற்றார் வாசிப்பவர் எல்லா விதமான குரலுக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் வெளிநாட்டுப் பயணிகளுக்கு ரொக் பாடல்கள். நகரத்துக் கல்யாண மண்டபங்களில் பழைய சினிமாப் பாட்டும் பைலாவும். மழைக்காலத்தில் கரோல். பாடுகிறவர் மாறினால் சுருதியும் மாறும். கீபோர்டுக்காரர் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீரைக் குடிக்கப் போய்விடுவார். மாட்டிக்கொள்வது கிற்றார்காரர்தான். இந்தத் தலையிடிக்கு டிஜிடெக் நிறுவனத்தின் டிரொப் பெடல் அருமையான மருந்து; கிற்றாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் வைத்து, காலால் மிதித்தால் சுருதியை இறக்கித் தரும் கருவி. ஆனால் பலர் அதை எதற்காக வாங்க நினைக்கிறார்களோ, அதற்கு அது உதவாது. இரண்டையும் பிரித்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சுருதியை ஏற்றுவது எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியைக் கழுத்தில் உள்ள ஃபிரெட் கம்பி ஒன்றின் அருகே மாட்டினால் போதும். இறக்குவதுதான் பாடு. கோர்ட்களை மட்டும் வாசிப்பவர் வேறு கோர்ட்களுக்கு மாறித் தப்பிக்கலாம். ஆறாவது தந்தியை, அதாவது மிகத் தடித்ததை, விரல் வைக்காமல் திறந்தபடி அடித்து, அதன் முழக்கத்தின் மேல் கட்டிய வாசிப்பு என்றால் அதற்கு வழியில்லை. திறந்த தந்திக்குக் கீழே ஃபிரெட் கிடையாது. தந்தியைத் தளர்த்தியே ஆக வேண்டும்.

எனது கிற்றாரில் தந்திகளின் அடிமுனையைத் தாங்குவது ஃபுளொயிட் ரோஸ் வகை மிதக்கும் பிரிட்ஜ். முன்னால் ஆறு தந்திகள் இழுக்க, பின்னால் சுருள்வில்கள் எதிர்த்து இழுக்க, நடுவில் சமநிலையில் நிற்கிறது. சாதாரணமான 10–46 தடிப்புள்ள தந்திக் கட்டு, 25.5 அங்குல நீளத்தில் மொத்தமாகச் சுமார் 47 கிலோ இழுவை தாங்குகிறது. ஆறாவது தந்தியை ஈ சுரத்திலிருந்து டிக்கு இறக்கினால் அதன் இழுவை ஏறத்தாழ எட்டுக் கிலோவிலிருந்து ஆறே கால் கிலோவுக்குக் குறைகிறது. உடனே வில்கள் பிரிட்ஜைப் பின்னால் இழுக்கின்றன. நீங்கள் தொடாத ஐந்து தந்திகளும் சுருதி ஏறிவிடுகின்றன. அவற்றைச் சரிசெய்தால் முதலில் இறக்கியது கெட்டுவிடும். போதாக்குறைக்கு, கழுத்தின் மேல்முனையில் இருக்கும் நட்டில் உள்ள பூட்டுகளை அலன் சாவியால் தளர்த்தி, பிறகு மறுபடி இறுக்க வேண்டும். அதுவரை மண்டபமே காத்திருக்கும். எங்கள் கடற்காற்றில் தந்திகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவேறிய தந்தியை அடிக்கடி முறுக்கித் தளர்த்தினால் எந்த நேரமும் அறுந்துவிடும்.

ஒரு கல்யாண வீட்டில் இரண்டாம் பாட்டு முடிந்ததும் பாடகி அக்கா மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். “தம்பி, தொண்டை கட்டிவிட்டது. அடுத்ததை அரைக் கட்டை இறக்கி எடுப்போமா?” என்றார். பெடலின் குமிழை 1 என்ற எண்ணுக்குத் திருப்பி, காலால் மிதித்தேன். டிரம்ஸ் தம்பி நான்கு எண்ணி முடிப்பதற்குள் ஆயத்தமாகிவிட்டேன். என் விரல்கள் வழக்கமான இடங்களில்தான் ஓடின. ஒலிபெருக்கியில் வந்தது மட்டும் அரைக் கட்டை கீழே. அன்றிலிருந்து இந்தப் பெடல் இல்லாமல் நான் வீட்டைவிட்டுப் புறப்படுவதில்லை.

குமிழில் 1 முதல் 7 வரை எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஓர் அரைச்சுரம், அதாவது கீபோர்டில் கறுப்பு வெள்ளை சேர்த்து ஒரு விசையிலிருந்து அடுத்ததுக்கு உள்ள இடைவெளி. அதற்கு அப்பால் முழு ஸ்தாயி இறக்கம், அதன் பிறகு இறங்கிய ஒலியோடு மூல ஒலியும் கலந்து வரும் நிலை. எங்கள் பாடகர்கள் சுருதியை எண்ணால் சொல்லும் கட்டைக் கணக்கில்தான் பேசுவார்கள் என்பதால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கட்டையிலிருந்து இரண்டுக்கு என்றால் குமிழில் 2. நான்கு கட்டையிலிருந்து மூன்றுக்கு என்றால் 1 மட்டுமே, ஏனெனில் அவற்றுக்கு இடையில் அரைக் கட்டை கிடையாது. “ஒரு கட்டை இறக்கு” என்று சொன்னால் எதிலிருந்து எதற்கு என்று கேட்டுவிட்டு அதன் பிறகு திருப்புங்கள்.

இனி அது செய்யாத வேலை. இந்தப் பெடல் ஆறு தந்திகளையும் ஒரே அளவில் இறக்கும். டிரொப் டி என்பது ஆறாவது தந்தி மட்டும் இறங்குவது. ஓப்பன் ஜி என்றால் ஆறாவது, ஐந்தாவது, முதலாவது ஆகிய மூன்றும் இரண்டு அரைச்சுரம் இறங்க, மற்ற மூன்றும் அசையாமல் நிற்க வேண்டும். தந்திகளுக்கு இடையிலான உறவே மாறும் இப்படிப்பட்ட சுருதிகளுக்கு இதை வாங்காதீர்கள். டிரொப் டி மட்டும் வேண்டுமென்றால் ஹிப்ஷொட் எக்ஸ்டெண்டர் என்ற நெம்பு போதும். ஆறாவது தந்தியின் முறுக்காணி இருக்கும் இடத்தில் பொருத்தி, விரலால் தட்டினால் தந்தி இறங்கும், திருப்பித் தட்டினால் ஏறும். ஃபுளொயிட் ரோஸ் வைத்திருப்பவர்களுக்கு அதே வேலையைப் பிரிட்ஜிலேயே செய்யும் டி-டூனா உண்டு. பிரிட்ஜ் மிதக்காமல் உடலில் படிந்திருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். ஓப்பன் ஜிக்கு இரண்டாவது கிற்றார்தான் நல்லது என்பது என் முடிவு; முச்சக்கர வண்டியில் இரண்டு பெட்டிகளை ஏற்றும் சிரமத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். கனமான மெட்டல் வாசிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வழி இருக்கிறது: கிற்றாரை முதலிலேயே டிரொப் டியில் சேர்த்துவிட்டு, பெடலை 2இல் வைத்தால் டிரொப் சி கிடைத்துவிடும்.

ஒலி எப்படி என்று கேட்பீர்கள். டிஜிட்டல் முறையில் சுருதியை இறக்கும் எந்தக் கருவியும் கேட்ட ஒலியைக் கணக்கிட்டுத்தான் திருப்பித் தருகிறது. ஆகவே மிக நுண்ணிய தாமதம் இருக்கும். எவ்வளவு கீழே போகிறோமோ அவ்வளவுக்குத் தந்தியை மீட்டும் அந்த முதல் வெட்டு மழுங்கும். 1, 2, 3 வரைக்கும் மேடையில் யாரும் வேறுபாடு கண்டுபிடிக்க மாட்டார்கள். குமிழ் 5ஐத் தாண்டினால் அதை ஒரு தனி ஒலியாகவே எண்ணி வாசிக்க வேண்டும். மெதுவான பாட்டுக்கு அழகாகவே இருக்கிறது.

வீட்டில் ஒலியைக் குறைத்து வைத்துப் பழகும்போது வேறொரு தொந்தரவு. தந்தி தன் சொந்தச் சுருதியில் காதருகே அதிர்கிறது, ஒலிபெருக்கி அரைக் கட்டை கீழே பாடுகிறது. திறந்த ஆறாவது தந்தி 82.4 ஹெர்ட்ஸ், இறங்கிய ஒலி 77.8. இரண்டும் மோதி நொடிக்கு நான்கைந்து தடவை உறுமும். ஹெட்ஃபோன் போட்டால் தீர்ந்தது. மேடையில் டிரம்ஸ் சத்தத்தில் அது கேட்பதேயில்லை.

பெடலை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். கிற்றாருக்கு அடுத்து சுருதி பார்க்கும் டியூனர், அதன் பிறகு இது, அதற்கும் பிறகுதான் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷன். டிஸ்டோர்ஷனை முன்னால் வைத்தால் அது கிளப்பும் ஏராளமான மேற்சுரங்களில் பெடலின் கணக்குக் குழம்பிவிடும். டியூனரைப் பின்னால் வைத்தால் இறங்கிய சுருதியைக் காட்டி உங்களைக் குழப்பும். பெடலில் ஒரு சின்ன விசை இருக்கிறது. அதை மாற்றினால் கால் அழுத்தியிருக்கும் வரை மட்டும் சுருதி இறங்கும். ஒரு சொற்றொடரின் கடைசிக் கோர்டை மட்டும் தாழ்த்தி முடிக்க எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதன் விலைக்குத் தொடக்கநிலைக் கிற்றார் ஒன்றே வாங்கலாம். வாரத்தில் ஒரு தடவையாவது பிறர் குரலுக்கு வாசிப்பவர் தயங்காமல் வாங்கலாம். வீட்டில் தனியாக வாசிப்பவருக்குத் தேவையில்லை. முறுக்காணியைத் திருப்ப அவருக்கு நேரம் இருக்கிறது. பேட்டரி போட இடம் கிடையாது, 9 வோல்ட் டிசி அடாப்டர் வேண்டும், பிளக்கின் நடுமுனை மறையாக இருக்க வேண்டும். பாவித்த பெடல் வாங்குகிறவர்கள் அடாப்டரும் சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். கொழும்பில் வாங்குவதாக இருந்தால் உங்கள் கிற்றாரையே கொண்டுபோய், குமிழை 2இலும் 5இலும் வைத்து, திறந்த கோர்ட் ஒன்றை அடித்துக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.