பழைய மாஸே 35 இன்ஜின்: ரிங்கா, போரா, ஸ்லீவா?

எங்கள் வீட்டு மாஸே 35 டிராக்டருக்கு இரண்டு வருடமாக ஒரே வியாதி. காலையில் இருமி இருமித்தான் எழும்பும். கலப்பையை இறக்கினால் மூச்சு வாங்கும். இன்ஜினின் உள்காற்று வெளியேறும் பிரீதர் குழாயில் பீடி பிடிப்பதுபோலப் புகை. நாலு மெக்கானிக்கிடம் கேட்டேன், நாலு வைத்தியம் சொன்னார்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் மட்டும் மாற்றினால் போதும் என்றார் ஒருவர். போர் அடித்து, அதாவது சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடச் சொன்னார் இன்னொருவர். மூன்றாமவருக்கு, பிஸ்டன் ஓடும் குழாயான ஸ்லீவை மாற்றாமல் மனசு ஆறாது. நான்காமவர், "இன்ஜினைத் தொடவே வேண்டாம், டீசல் பம்பைக் கொஞ்சம் திறந்துவிட்டால் இழுத்துக்கொண்டு போகும்" என்றார்.

எதை எடுப்பது என்று பார்க்குமுன் இன்ஜினைத் தெரிந்துகொள்வது நல்லது. 35-இன் முதல் டீசல் மாடலில் ஸ்டாண்டர்டு கம்பெனியின் நாலு சிலிண்டர் இன்ஜின் இருந்தது. குளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் என்று அதற்குக் கெட்ட பெயர். 1959 கடைசியில் அதன் இடத்துக்கு வந்ததுதான் பெர்கின்ஸ் ஏ3.152 என்ற மூன்று சிலிண்டர் இன்ஜின். துளையின் விட்டமான போர் 3.6 இன்ச், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 5 இன்ச், ஏறக்குறைய 2,500 சிசி, சுமார் 37 குதிரைத்திறன். 1960-இல் சென்னையில் டாஃபே டிராக்டர் கம்பெனி தொடங்கியது. பெர்கின்ஸ் உரிமத்தில் சிம்சன் கம்பெனி இங்கேயே இன்ஜின் செய்தது. அதனால் இந்த வகை இன்ஜின் தெரிந்த கைகளுக்கு நம் ஊரில் இன்றும் பஞ்சமில்லை.

இதில் இருப்பது டிரை ஸ்லீவ். தண்ணீர் ஸ்லீவைத் தொடாது. பிளாக்கின் துளைக்குள் இறுக்கி அமர்த்திய மெல்லிய குழாய், அவ்வளவுதான். எதைச் செய்தாலும் இதை மறக்கக் கூடாது.

ரிங் மட்டும் மாற்றுவதுதான் செலவு குறைந்த வழி. ஆனால் தேய்ந்த சிலிண்டரின் மேல் விளிம்பில் ஒரு படி விழுந்திருக்கும். ஹெட்டைக் கழற்றி நகத்தால் தடவிப் பாருங்கள், நகம் தட்டினால் இந்த வழியை மறந்துவிடலாம். கூர் மழுங்காத புது டாப் ரிங் அந்தப் படியில் போய் இடித்து உடைந்துவிடும். படி இல்லாமல், துளையை அளக்கும் போர் கேஜில் நீள்வட்டமும் சரிவும் அளவுக்குள் இருந்தால் ஹோன் கல்லால் லேசாகத் தேய்த்து ரிங் போடலாம். எங்கள் வண்டியில் நகம் நன்றாகவே தட்டியது.

அடுத்தது போர். போர் அடித்தால் பவர் கூடும் என்று டீக்கடைவரை ஒரு நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 தவ் ஓவர்சைஸ், அதாவது 0.030 இன்ச், போட்டால் 2,502 சிசி 2,544 ஆகும். நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. அதுவும் டீசலில் பம்ப் அதே அளவு எண்ணெயைத்தான் தள்ளும், காற்று மட்டும் சொட்டுக் கூடுதலாகப் போகும். பவருக்காகப் போர் அடிப்பது வீண். தேய்மானத்தைச் சரிசெய்யவும், ஏற்கெனவே மெல்லிசான ஸ்லீவை மேலும் சுரண்டுகிறோமே என்று கை தயங்குகிறது. போர் அடித்தாலும் புது பிஸ்டன் வாங்கித்தான் ஆக வேண்டும், ஸ்லீவ் மாற்றினாலும் அப்படித்தான். மிச்சமாவது ஸ்லீவ் விலையும் இறக்கும் கூலியும் மட்டுமே.

என் ஓட்டு ஸ்லீவுக்கு. ஆனால் இதில்தான் வேலை கெடுவதும் அதிகம். பழைய ஸ்லீவை எடுத்ததும் பிளாக்கின் துளையைத் துருவும் பிசுக்கும் போகச் சுத்தம் செய்து அளக்க வேண்டும். துளை தளர்ந்திருந்தால் ஸ்லீவுக்கும் பிளாக்குக்கும் நடுவே காற்று நிற்கும். சூடு தண்ணீருக்குப் போகாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அளவு மீறி இறுக்கமாக இருந்தாலோ, அடித்து இறக்கினாலோ ஸ்லீவ் கோணும். மேல் விளிம்பின் உயரம் மூன்று சிலிண்டரிலும் சரியாக இல்லாவிட்டால் கேஸ்கெட் பிடிக்காது. முன்பு ஒரு பட்டறையில் சுத்தியலும் மரக்கட்டையும் வைத்து இறக்கிக் கொடுத்தார்கள். ஆறே மாதத்தில் ரேடியேட்டரில் குமிழி வந்தது. ஸ்லீவை நேராக அழுத்தி இறக்கும் பிரஸ் இல்லாத பட்டறைக்கு இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மைக்ரோமீட்டரில், பேரிங் உட்காரும் ஜர்னல் நீள்வட்டமாகத் தெரிந்தால் 10, 20, 30 தவ் என்று அடுத்த சைஸுக்குக் கிரைண்டிங். கீறல் இல்லாமல் அளவுக்குள் இருந்தால் புது பேரிங் மட்டும்.

இனி பம்ப் வைத்தியம். நான்காமவர் சொன்னது பொய்யில்லை. எண்ணெய் கூடினால் வண்டி அன்றே இழுக்கும். கம்ப்ரெஷன் போன இன்ஜினில் அந்த எண்ணெய் முழுதாக எரியாது, கரும்புகையாகப் போகும். சூடு பிஸ்டன் தலையைத் தின்னும். நல்ல இன்ஜினிலேயே புகை வரும் அளவைத் தாண்டித் திறப்பது ஆயுளை அடகு வைப்பது. அந்தப் பணத்துக்கு டீசலைப் பீய்ச்சும் மூன்று நாசிலையும் டெஸ்ட் செய்து, வால்வு சீட்டிங் பார்த்து, பம்பைக் கம்பெனி அளவுக்கு காலிபிரேஷன் செய்து, டைமிங்கைச் சரியாக வைத்தால் தொலைந்துபோன 37-இல் பெரும்பகுதி திரும்ப வந்துவிடும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

கடைசியில் ஸ்லீவ், ஸ்டாண்டர்டு பிஸ்டன், பத்து சைஸ் கிரைண்டிங், நாசில், பம்ப் என்று முடித்தோம். "இதுக்கு ஒரு ஜோடி மாடு வாங்கியிருக்கலாம்" என்றார் அப்பா. புது ரிங் ஆயிற்றே என்று ஐடிலிலேயே ஓடவிட்டால் ஸ்லீவ் கண்ணாடிபோல் வழவழத்து, ரிங் உட்காராமல் ஆயில் குடிக்கும் என்பது தெரியும் என்பதால், தண்ணீர் சூடேறியதும் டிரெய்லரில் பாதி பாரம் ஏற்றி ஓட்டினேன். இப்போது பிரீதர் குழாய்க்கு நேரே வெள்ளை அட்டையைப் பிடித்தால், நடுவில் ஒரு ரூபாய் அளவுக்கு மங்கலான கறை மட்டும் விழுகிறது.