எவர்கிராண்ட் ஜெர்சி: 13 வருடம் போட்டுத் துவைத்த அனுபவம்

குவாங்சோ கால்பந்து அணியின் இந்த ஜெர்சியை வாங்கியது 2011 அக்டோபரில். இடம், சீனாவின் குவாங்சோ நகரில் தியான்ஹே ஸ்டேடியத்துக்கு வெளியே நடைபாதை. 60 யுவான் சொன்னான், 35க்கு முடிந்தது. ஒரிஜினல் இல்லை. கையில் எடுத்ததுமே அது தெரிந்துவிட்டது. வேறு எதில் ஏமாந்தாலும் பனியன் துணியில் திருப்பூர்க்காரனை ஏமாற்றுவது கஷ்டம். முழு பாலியஸ்டர், 140 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 140 கிராம் இருக்கும். சைடு சீமில் ஓவர்லாக் தையல் இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது. எங்கள் யூனிட்டாக இருந்தால் செக்கிங்கிலேயே தூக்கிப் போட்டிருப்பார்கள். ஆனாலும் அந்தச் சிவப்பு பிடித்துவிட்டது. முதுகில் 15ஆம் நம்பர். நெஞ்சில் இரண்டு பெரிய சீன எழுத்துகள். ஊர்ப் பெயர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜிப், பட்டன், எலாஸ்டிக் வாங்க வருடத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் கேன்டன் ஃபேர் என்கிற வர்த்தகக் கண்காட்சியை ஒட்டி, குவாங்சோ போவது அப்போது எனக்கு வழக்கம். மறுநாள் அந்த ஜெர்சியோடு ஜோங்டா துணிச் சந்தைக்குப் போனேன். அங்கே நான் ஜிப் வாங்கும் கடைக்காரர் குவாங்சோவிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்கு இருபது ஆங்கிலச் சொல் தெரியும், எனக்கு இருபது சீனச் சொல், நடுவில் ஒரு கால்குலேட்டர். கல்லூரிக்குப் போகும் மகள் கடையில் இருந்தால் மட்டும் பேச்சு நீளும். அன்றைக்கு இருந்தாள். அப்பா என் நெஞ்சைப் பார்த்துச் சிரித்ததற்குக் காரணத்தை அவள்தான் சொன்னாள். அது ஊர்ப் பெயர் இல்லையாம், வீடு கட்டி விற்கும் கம்பெனியின் பெயராம். ஹெங் என்றால் நிலையானது, தா என்றால் பெரியது. இரண்டும் சேர்ந்து ஹெங்தா. வெளிநாட்டுக்கு எவர்கிராண்ட்.

இதில் எனக்கு ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நம்மூரில் ஒரே டேபிளில் ஒரே துணியில் தைத்த டிசர்ட், காலையில் ஒரு பிராண்டு லேபிளோடும் மதியம் வேறு பிராண்டு லேபிளோடும் பெட்டியில் போகும். அவருடைய டீமும் அப்படித்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. அப்புறம் வருடக்கணக்கில், ஜிப் ரோல் எண்ணும் நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக மீதிக் கதையைக் கேட்டேன்.

1954ல் தொடங்கிய அணி. அப்போது நகரத்தின் விளையாட்டுத் துறைக்குச் சொந்தம், சம்பளம் அரசாங்கம். 1993ல் டானிக் விற்கும் அப்போலோ கம்பெனி நகராட்சியோடு கைகோர்த்தது; சீனாவில் கம்பெனியும் அரசும் கூட்டாக நடத்திய முதல் கிளப் இதுதான் என்பதில் கடைக்காரருக்குப் பெருமை. மறு வருடம் தொழில்முறை லீக் ஆரம்பித்தபோது குவாங்சோ இரண்டாம் இடம், தாலியான் முதலிடம். 17 கோல் போட்டு அந்த சீசனின் டாப் ஸ்கோரர் ஆனவர் ஹூ ஜிஜுன். அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் கடைக்காரர் எண்ணுவதை நிறுத்திவிடுவார். அப்போது ஆட்டம் நடந்தது மலைப் பூங்காவுக்குள் இருக்கும் யுவேஷியுஷான் மைதானத்தில்.

1998ல் கீழ் டிவிஷனுக்கு இறங்கினார்கள். அதற்குப் பிறகு லேபிள் மாறிக்கொண்டே இருந்தது. 2001ல் கார் கம்பெனி ஜீலி. ஒரே வருடம்தான், ரெஃப்ரிகள் காசு வாங்குகிறார்கள் என்று சண்டை போட்டுவிட்டு வெளியேறியது. பிறகு ஒரு மருந்துக் கம்பெனி, ஒரு குடிநீர்க் கம்பெனி, மறுபடியும் மருந்துக் கம்பெனி. 2007ல் ஒருவழியாக மேலே ஏறி, 2008 முதல் மேல் டிவிஷனான சூப்பர் லீக்கில் ஆடினார்கள். 2010 பிப்ரவரியில் மறுபடி இறக்கிவிட்டார்கள். இந்தத் தடவை தோற்று இல்லை. 2006ல் ஓர் ஆட்டத்துக்குக் காசு கைமாறியது போலீஸ் விசாரணையில் வெளிவந்துவிட்டது.

ரிஜெக்ட் ஆன லாட்டை அடிமாட்டு விலைக்கு வாங்குபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அடுத்த மாதமே, 2010 மார்ச் 1 அன்று, எவர்கிராண்ட் ரியல் எஸ்டேட் கம்பெனியின் முதலாளி சூ ஜியாயின் 10 கோடி யுவானுக்கு மொத்தமாக வாங்கினார். அந்த வருடமே இரண்டாம் டிவிஷனை ஜெயித்து மேலே வந்தார்கள். 2011ல் முதல் முயற்சியிலேயே சூப்பர் லீக் பட்டம், அதுவும் நான்கு ஆட்டம் மிச்சமிருக்கும்போதே. நான் நடைபாதையில் ஜெர்சி வாங்கியது அதற்குச் சில வாரம் கழித்து.

அந்த வருடம் முதலாளி வைத்திருந்த கூலி முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஜெயித்தால் அணிக்கு 50 லட்சம் யுவான், டிரா என்றால் 10 லட்சம், தோற்றால் 30 லட்சம் பிடித்தம். பீஸ் ரேட்டும் உண்டு, ரிஜெக்ஷனுக்குப் பிடித்தமும் உண்டு. எங்கள் லைன் சூப்பர்வைசரிடம் இதைச் சொன்னபோது, தோற்றால் பிடித்தம் என்பதை மட்டும் குறித்துக்கொண்டார்.

என் முதுகில் இருந்த 15 அர்ஜென்டினாக்காரர் டாரியோ கொன்காவின் நம்பர். பிரேசிலில் புகழோடு ஆடிக்கொண்டிருந்தவரைக் கூட்டிவந்திருந்தார்கள். உலகத்திலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர்களில் ஒருவர் என்று பத்திரிகைகள் எழுதின. 2012 மே மாதம் கோச்சாக வந்தவர் மார்செல்லோ லிப்பி, 2006ல் இத்தாலிக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்.

சரி, துணிக்கு வருகிறேன். முதல் இரண்டு வருடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாயம் போகவில்லை. முதல் அலசலில் வாளித் தண்ணீர் லேசாக ரோஸ் ஆனது, அவ்வளவுதான். வேர்வையில் ஒட்டும், நாற்றம் பிடிக்கும்; பாலியஸ்டர் என்றால் அது இருக்கத்தான் செய்யும். 2013ல் அக்குளில் பில்லிங் வந்தது, அதாவது குட்டிக் குட்டி நூல் உருண்டைகள். அதே வருடம் என் மனைவி காட்டன் சூட்டிலேயே அயர்ன் பாக்ஸை வைத்துவிட்டாள். 15ல் ஐந்தின் வால் அயர்ன் பாக்ஸோடு போய்விட்டது. அந்த வருடக் கடைசியில் கொன்காவும் பிரேசிலுக்குத் திரும்பிப் போய்விட்டார் என்பதால் பெரிய நஷ்டமாகத் தெரியவில்லை.

போவதற்கு முன்னால் ஒரு வேலையை முடித்துவிட்டுத்தான் போனார். ஆசிய சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், எஃப்சி சியோலுக்கு எதிராக. அக்டோபர் 26ல் சியோலில் 2-2. இரண்டாவது ஆட்டம் நவம்பர் 9ல் தியான்ஹேயில். ஃபேர் முடிந்தும் ஐந்து நாள் தங்கிவிட்டேன். வீட்டில் ஷிப்மென்ட் தாமதம் என்று சொன்னேன். ஸ்டேடியத்துக்கு வெளியே ஒருவன் டிக்கெட் என்று விற்ற காகிதம் வெறும் காகிதம் என்று கேட்டில்தான் தெரிந்தது. துணி பார்க்கத் தெரிந்த கண்ணுக்குக் காகிதம் பார்க்கத் தெரியவில்லை. மெட்ரோ பிடித்து ஜோங்டா திரும்பினேன். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஜிப் பெட்டிகளுக்கு நடுவில் டிவி வைத்திருந்தார்.

அன்றைக்கு வீரர்களின் நெஞ்சில் இருந்தது அதுவரை யாரும் பார்க்காத ஒரு லேபிள். அதே முதலாளி புதிதாகக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டில். ஆசியாவே பார்க்கும் ஃபைனலைத் தண்ணீர் விற்கும் நாளாகவும் ஆக்கிக்கொண்டார். இரண்டாம் பாதியில் குவாங்சோவின் பிரேசில்காரர் எல்கெசன் கோல் போட்டார். கடைக்காரர் என் தோளில் அடித்த அடி மறுநாள்வரை வலித்தது. சில நிமிடத்திலேயே சியோலின் தம்யானோவிச் சமன் செய்துவிட்டார். அதற்கப்புறம் யாரும் உட்காரவில்லை. 1-1ல் முடிந்தது. மொத்தம் 3-3, வெளியூரில் அடித்த கோல் அதிகம் என்பதால் கோப்பை குவாங்சோவுக்கு. பக்கத்துக் கடை நூல்காரரும் எதிர்க்கடைப் பட்டன்காரரும் தெருவில் இறங்கி "கா யாவ்" என்று கான்டனீஸில் கத்தினார்கள். ‘எண்ணெய் ஊற்று’ என்று அர்த்தமாம். நாம் ‘விடாதே’ என்று கத்துகிற மாதிரி. ஹெங்தா என்று அங்கே ஒருவர்கூடக் கத்தவில்லை. "குவாங்சோ" என்றார்கள், அதையும் அவர்கள் உச்சரிப்பில், "குவோங்சாவ்" என்று.

2014ல் ஆன்லைன் வியாபாரக் கம்பெனி அலிபாபா 120 கோடி யுவான் கொடுத்துப் பாதிப் பங்கை வாங்கியது. கிளப் பெயரில் அவர்களுடைய கடைத் தளமான தாவோபாவ் என்று இன்னொரு லேபிள் சேர்ந்தது. 2015ல் மறுபடி ஆசிய சாம்பியன். துபாயின் அல் அஹ்லிக்கு எதிராக முதல் ஆட்டம் 0-0, இரண்டாவதில் மறுபடி எல்கெசன், 1-0. இந்த ஃபைனலில்தான் என் தொழில்காரப் புத்திக்குப் பொறுக்காத ஒன்றைச் செய்தார்கள். ஜெர்சியில் வரவேண்டிய ஸ்பான்சர் பெயரை எடுத்துவிட்டு, ஆட்ட நாளன்று சொந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரைப் போட்டு இறக்கினார்கள். ஸ்பான்சரான கார் கம்பெனி கோர்ட்டுக்குப் போனது, நஷ்டஈடும் கிடைத்தது. ஆர்டர் கொடுத்த பயர் தந்த லேபிளைப் பிய்த்துவிட்டு நம் லேபிளை வைத்துத் தைத்து அனுப்பினால் திருப்பூரில் அடுத்த ஆர்டர் கிடைக்காது. கோப்பை வந்த சந்தோஷத்தில் கடைக்காரருக்கு இது பெரிதாகப் படவில்லை. எனக்கு அன்றைக்கே உறுத்தியது.

2011 முதல் 2017 வரை தொடர்ந்து ஏழு லீக் பட்டம், 2019ல் எட்டாவது. அந்த வருடங்களில் வாங்கிய சரக்கு எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். பாலினியோ பிரமாதம், 2017ல் பார்சிலோனா 4 கோடி யூரோ கொடுத்து வாங்கியது, அடுத்த வருடமே திரும்பி வந்துவிட்டார். ஜாக்சன் மார்ட்டினஸை 4.2 கோடி யூரோவுக்கு வாங்கினார்கள். காயத்தில் கிடந்து, சொற்ப ஆட்டங்களே ஆடினார். எல்கெசன் சீனக் குடியுரிமை வாங்கி அந்த நாட்டுக்கே ஆடினார்.

2020 ஏப்ரலில் தாமரைப்பூ வடிவத்தில் 1 லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியத்துக்குப் பூஜை போட்டார்கள், 1200 கோடி யுவான் திட்டம். அப்போது நான் போக முடியாது. கோவிடில் இந்தியர்களுக்கு விசா நிறுத்தியாகிவிட்டது. கடைக்காரர் வீசாட்டில் அந்தப் படத்தை அனுப்பினார். பூ அழகாகத்தான் இருந்தது. அதே முதலாளியின் கம்பெனி அடுத்த வருடம் 30,000 கோடி டாலர் கடனோடு திணறியது உலகத்துக்கே தெரிந்த கதை. பூ கட்டி முடிக்கப்படவே இல்லை. நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது.

2021 தொடக்கத்தில் இன்னொன்று நடந்தது. கிளப் பெயரில் கம்பெனிப் பெயர் இருக்கக் கூடாது என்று சீனக் கால்பந்துச் சங்கம் உத்தரவு போட்டது. எவர்கிராண்ட் போய் வெறும் குவாங்சோ எஃப்சி ஆனது. திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சத்தை லேபிள் கட் பண்ணி விற்பார்களே, அதுதான் நினைவுக்கு வந்தது. சட்டை அதே சட்டை, கழுத்துக்குப் பின்னால் ஒரு வெட்டுத் தழும்பு. சொந்த ஊர்ப் பெயர் மட்டும் தனியாக நின்றதைப் பார்க்க அவர்கள் எத்தனையோ வருடம் காத்திருந்தார்கள். ஆனால் லேபிளோடு காசும் போய்விட்டது. விலை உயர்ந்த ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். 2022ல் சின்னப் பையன்களை வைத்து ஆடி, 18 அணியில் 17ஆவதாக வந்து இறங்கினார்கள். ஒரு வருடத்தில் தன் மகளைவிடச் சின்னப் பையன்கள் டீமாகிவிட்டார்கள் என்று கடைக்காரர் எழுதினார்.

அதே ஊரின் இன்னொரு கிளப் 2023ல் மூடப்பட்டது. 2020 பட்டத்தை இவர்களிடமிருந்து பறித்த ஜியாங்சு அதற்கு முன்பே, ஜெயித்த மூன்றரை மாதத்தில், கடையைக் கட்டிவிட்டது. அதையெல்லாம் பார்த்த பிறகும் 2024ல் எனக்கு நப்பாசை வந்தது. அந்தப் பையன்கள் இரண்டாம் டிவிஷனில் மூன்றாம் இடம்வரை வந்தார்கள். முதல் இரண்டு இடத்துக்குத்தான் மேலே ஏற டிக்கெட். 2025 ஜனவரி 6ல் அடுத்த சீசனுக்குத் தகுதியான கிளப்களின் பட்டியல் வந்தது. குவாங்சோ இல்லை. பழைய கடனை அடைக்கப் பணம் திரட்ட முடியவில்லை என்று கிளப் அறிக்கை விட்டுக் கலைந்தது.

ஜெர்சியின் இன்றைய நிலவரம்: காலர் சுருண்டுவிட்டது. சைடு சீமை எங்கள் யூனிட்டில் சிங்கர் தையல் மெஷின் ஓட்டும் அக்கா இரண்டு தடவை அடித்துக் கொடுத்துவிட்டார். சிவப்பு வெளிறவில்லை. முதுகில் பாதி 15. நெஞ்சில் ஹெங்தா மட்டும் ஒரு விரிசல்கூட இல்லாமல் அப்படியே இருக்கிறது. கம்பெனியைக் கலைக்கச் சொல்லி 2024 ஜனவரியில் ஹாங்காங் கோர்ட் உத்தரவு போட்டுவிட்டது, முதலாளியை 2023லேயே போலீஸ் பிடித்துவிட்டது, இந்த ஸ்டிக்கர் மட்டும் போகமாட்டேன் என்கிறது. எந்தப் பசை என்று தெரிந்தால் நானே வாங்குவேன்.

2025 ஏப்ரலில் மறுபடி குவாங்சோ போனபோது இதைப் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஸ்டிக்கரை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார், வரவில்லை. பிறகு கால்குலேட்டரை எடுத்து 50 என்று தட்டினார். யுவேஷியுஷானுக்குப் போய்வந்த பழைய கூட்டாளிகள் அத்தனை பேராம். இதே சிவப்பில் 50 டிசர்ட், திருப்பூர் காட்டன் வேண்டுமாம். நெஞ்சில் என்ன போடட்டும் என்று கேட்டேன். கையை வீசி ஒன்றும் வேண்டாம் என்றார். ஷிப்பிங் சேர்த்து விலையைத் தட்டிக் காட்டினேன். பார்த்தார், சிரித்தார், அடுத்த சந்தில் இதில் பாதி விலை என்றார்.